கூட்டத்தில் சேராத உயிர்கள்: உலகின் அரிய விலங்குகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் அரிய விலங்குகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த விலங்குகளின் மீது எனக்கு இருக்கும் பற்றுதான் காரணம்.

எந்த விலங்கை ‘விசித்திரமானது’ என்கிறீர்கள்?

யானையைப் பார்த்தே இராத ஒருவரின் முன் திடீரென ஒரு யானை வந்து நின்றால், அதைவிட விசித்திரமான பிராணி உலகில் இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். நமக்கோ அது திருவிழாவில் பார்த்துப் பழகிய முகம். ஆகவே தோற்றத்தை வைத்து நான் சொல்வதில்லை, உறவுகளை வைத்துச் சொல்கிறேன். புலிக்குச் சிங்கம், சிறுத்தை, ஜாகுவார் என்று பங்காளிகள் பலர் உண்டு. சில விலங்குகளுக்கு அப்படி யாருமே மிஞ்சவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரு கிளையில் அவை மட்டும் எஞ்சியிருக்கின்றன. அத்தகைய விலங்கு ஒன்று அழிந்தால் ஓர் இனத்தோடு ஒரு பரம்பரை முழுவதும் போய்விடும். லண்டன் விலங்கியல் கழகம் 2007 இல் தொடங்கிய ‘எட்ஜ்’ திட்டம் இந்தக் கணக்கில்தான் விலங்குகளை வரிசைப்படுத்துகிறது. எவ்வளவு தனித்த கிளை, எவ்வளவு அழிவின் விளிம்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

அழகாகவே இல்லாத விலங்கை எப்படி ரசிப்பது?

அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள், ரசனை தானாக வரும். மடகாஸ்கர் தீவின் அய்-அய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கலைந்த கறுப்பு முடி, வௌவால் காது, பிதுங்கிய கண், கம்பி போல மெலிந்த நடுவிரல். இரவில் இதைப் பார்த்தால் சாவு வரும் என்று மடகாஸ்கரின் சில ஊர்களில் நம்புகிறார்கள், கண்ட இடத்தில் கொன்றும்விடுகிறார்கள். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்த அச்சம் புரியாததல்ல.

ஆனால் அந்த விரலைக் கவனியுங்கள். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குபவரைப் போல, அய்-அய் மரக்கிளையை நடுவிரலால் படபடவென்று தட்டிக்கொண்டே நகர்கிறது. எழும் ஒலியை அந்தப் பெரிய காதுகள் வாங்கிக்கொள்கின்றன. உள்ளே புழு குடைந்த பொந்து இருந்தால் ஒலி மாறும். அங்கே நின்று, ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களால் மரத்தைக் கடித்துத் துளையிட்டு, அதே விரலை உள்ளே விட்டுப் புழுவை எடுத்துத் தின்கிறது. மடகாஸ்கரில் மரங்கொத்தி கிடையாது. அந்த வேலையை அங்கே செய்வது, குரங்குகளின் தூரத்து உறவான லெமூர் வகையைச் சேர்ந்த இந்தப் பிராணிதான்.

இதைப் பற்றி ஐரோப்பியர்களுக்கு 1782 இல் முதலில் எழுதியவர் பியேர் சோனரா. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் அவர், நம் மலைகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவரும் இவரே. அந்தப் பற்களைப் பார்த்து அய்-அய்யை அணில் வகையில் சேர்த்தவர்களும் உண்டு. அதன் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் ஒரே இனம் அது.

‘அருகிய இனம்’, ‘மிக அருகிய இனம்’ என்பவற்றுக்கு என்ன வேறுபாடு?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் ஒன்றைப் பேணி வருகிறது. அதில் ‘அழிவாய்ப்பு இனம்’, ‘அருகிய இனம்’, ‘மிக அருகிய இனம்’ என்று படிப்படியாக ஆபத்து கூடும். அடுத்தவை ‘இயலிடத்தில் அழிந்தது’, ‘அழிந்தது’. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, குறையும் வேகத்தையும் வாழிடத்தின் பரப்பையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். அதனால் ஆயிரக்கணக்கில் இருக்கும் விலங்கு ஒன்றும் மிக அருகியதாக இருக்கலாம்.

எண்ணிக்கை ஐம்பதுக்கு வந்துவிட்டால் அப்புறம் மீளவே முடியாது என்கிறார்களே?

ககாபோவின் கதையைக் கேளுங்கள்.

நியூசிலாந்தின் கிளி அது. பறக்காது. பகலில் உறங்கி இரவில் காட்டில் நடந்து திரியும். மாவோரி மொழியில் அதன் பெயருக்கே ‘இரவுக் கிளி’ என்று பொருள். உலகின் கிளிகளில் எடை மிகுந்தது, நன்கு வளர்ந்த ஆண் நான்கு கிலோ வரை வரும். பாசி படர்ந்த தரையில் அமர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பச்சை. ஆபத்து என்றால் அசையாமல் உறைந்து நிற்கும். வானிலிருந்து பார்த்து வேட்டையாடும் பறவைகளிடமிருந்து தப்ப அது போதுமானதாக இருந்தது. ஆனால் மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்த பூனையும் எலியும் ஸ்டோட்டும் மோப்பம் பிடித்து வருபவை. (ஸ்டோட் என்பது கீரியைப் போன்ற நீண்ட உடல் கொண்ட சிறு ஊனுண்ணி.) ககாபோவின் உடலிலிருந்து இனிய மணம் ஒன்று வீசும். அசையாமல் நிற்பதும் மணப்பதும் சேர்ந்து அதற்கே எமனாகின.

ரிச்சர்ட் ஹென்றி என்ற காவலர் 1894 முதல் ரெசொல்யூஷன் தீவில் தங்கி, பெருநிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான ககாபோக்களையும் கிவிப் பறவைகளையும் பிடித்துப் படகில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டார். கடல் காப்பாற்றும் என்று நம்பினார். 1900 இல் ஸ்டோட்டுகள் நீந்தியே அந்தத் தீவை அடைந்துவிட்டன. அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாயிற்று. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1970களில் ஃபியார்ட்லாந்து மலைகளில் தேடியபோது ஆண் பறவைகள் மட்டுமே கிடைத்தன. கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 1977 இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. அங்கே பெண் பறவைகளும் இருந்தன. ஆனால் பூனைகளும் இருந்தன. எஞ்சிய ககாபோக்களைப் பிடித்து, கொன்றுதின்னிகள் அகற்றப்பட்ட சிறு தீவுகளுக்கு மாற்றினார்கள். 1995 இல் எண்ணிப் பார்த்தபோது இருந்தவை 51.

இந்தப் பறவை அவசரப்படுவதே இல்லை. ரிமு மரம் அமோகமாகக் காய்க்கும் ஆண்டில் மட்டுமே முட்டையிடும். அது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. அப்போது ஆண் பறவைகள் மேட்டில் கிண்ணம் போல மண்ணைத் தோண்டி, அதில் அமர்ந்து, நெஞ்சை ஊதிப் பெருக்கி, தவில் அதிர்வதைப் போல இரவு முழுவதும் முழங்கும். ஒலி சில கிலோமீட்டர் வரை கேட்கும். பெண் பறவைகள் நடந்து வந்து துணையைத் தேர்ந்துகொள்ளும்.

காப்பவர்களும் தவறு செய்து கற்றார்கள். நிறையத் தீனி கொடுத்தால் நிறையக் குஞ்சுகள் வரும் என்று எண்ணினார்கள். உடல் கொழுத்த தாய்களுக்கு ஆண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறந்தன. தேவைப்பட்டதோ பெண் குஞ்சுகள். பிறகு ஒவ்வொரு தாயின் எடையையும் பார்த்துத் தீனியை அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று ஒவ்வொரு பறவைக்கும் பெயர் உண்டு, முதுகில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர் உண்டு. 2019 இல் எழுபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன, அதே ஆண்டு பூஞ்சை நோய் சிலவற்றைக் கொண்டுபோயிற்று. 2022 இல் மொத்தம் 252.

ஃபியார்ட்லாந்திலிருந்து மீட்கப்பட்டவற்றில் கடைசியாக எஞ்சிய ஆண் பறவைக்கு ‘ரிச்சர்ட் ஹென்றி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2010 இல் அது முதுமையில் இறந்தது. அதற்கு முன், 1998 இல், மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையாகியிருந்தது.

கண்ணாடித் தொட்டியில் லட்சக்கணக்கில் வளர்கிறதே ஆக்சலாட்டல், அது எப்படி அழிகிறது?

ஆக்சலாட்டல் என்பது நீரிலேயே வாழும் ஒரு சாலமண்டர், தவளையின் தூரத்து உறவு, பல்லியைப் போன்ற உடல். மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோ என்ற கால்வாய்ப் பகுதி இருக்கிறது. அஸ்டெக் மக்கள் ஏரிச் சேற்றை அள்ளி மேடாக்கி உருவாக்கிய ‘சினாம்பா’ தோட்டங்களுக்கு இடையே ஓடும் நீர் அது. ஆக்சலாட்டலின் இயற்கையான வீடு உலகில் இன்று அது ஒன்றுதான். 1998 இல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தன. 2008 இல் 100. 2014 இல் 36. நகரத்தின் கழிவுநீர் ஒரு காரணம். மக்களுக்கு உணவாகட்டும் என்று கால்வாயில் விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் இன்னொரு காரணம். அவை ஆக்சலாட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்க்கின்றன.

தொட்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றின் முன்னோர் 1864 இல் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு சிறு கூட்டம். இடையில் வேறு சாலமண்டர் இனத்தோடும் கலப்பு நடந்திருக்கிறது. துண்டான காலை மீண்டும் முளைக்க வைப்பது எப்படி, வாழ்நாள் முழுவதும் செவுளோடு குழந்தைப் பருவத்திலேயே இருப்பது எப்படி என்று ஆய்வகங்கள் அவற்றிடம் கற்கின்றன. அது பெரிய பயன்தான். ஆனால் தொட்டியில் பிறந்தது கால்வாயின் வாழ்க்கையை அறியாது.

நல்ல செய்தியும் உண்டு. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தினர் சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து, செடிகளால் வடிகட்டிகளும் தடுப்புகளும் அமைத்து, கெண்டை நுழைய முடியாத சிறு கால்வாய்களை உருவாக்குகிறார்கள். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டல்களைச் சீரமைத்த நீர்நிலைகளில் விட்டுப் பார்த்தபோது, அவை இரை தேடி உண்டு வாழ்ந்தன என்று 2025 இல் ஆய்வு வெளியானது.

அப்படியானால் எஞ்சியவற்றைப் பிடித்துவந்து பாதுகாத்துப் பெருக்கினால் என்ன?

எல்லா விலங்குக்கும் அது ஒத்துவராது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வக்கீட்டா, கடல்வாழ் பாலூட்டிகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஒன்றரை மீட்டர் நீளம், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் கறுப்பு வளையம். அதை யாரும் வேட்டையாடுவதில்லை. நம் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த டொடோவாபா என்ற பெரிய மீனுக்கு விரிக்கும் செவுள்வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வரமுடியாமல் சாகிறது. டொடோவாபாவின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் பெருவிலை. நம் மீனவர்கள் ‘நெட்டி’ என்று சொல்லும் அதே உறுப்புதான்.

1997 இல் 567 ஆக மதிப்பிடப்பட்ட வக்கீட்டா, 2018 இல் இருபதுக்கும் கீழே போயிற்று. இடையில், 2017 இல், உலகின் சிறந்த வல்லுநர்கள் கூடி அவற்றைப் பிடித்துக் கடல் கூண்டில் வைக்க முயன்றார்கள். பிடிபட்ட பெண் வக்கீட்டா அதிர்ச்சி தாங்காமல் இறந்தது. முயற்சியை அன்றோடு நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

எஞ்சியவை நெருங்கிய உறவுகளாகிவிட்டதால் எப்படியும் அழிந்துதான் போகும் என்று கைவிடுபவர்களுக்கு 2022 இல் வந்த மரபணு ஆய்வு பதில் சொன்னது. வக்கீட்டா நெடுங்காலமாகவே சிறு கூட்டமாக வாழ்ந்து பழகிய இனம், தீய மரபணு மாற்றங்கள் அதில் குறைவு, வலை நின்றால் அது பிழைக்கும். அதே ஆண்டு, வலைகளைக் கிழிக்கும் கொக்கிகள் பதித்த கான்கிரீட் கட்டைகளை அப்பகுதிக் கடலடியில் இறக்கினார்கள். 2023 இல் தேடியவர்கள் பத்துக்குச் சற்று மேற்பட்டவற்றைக் கண்டார்கள். குட்டியும் இருந்தது.

இவ்வளவு கேமரா, செயற்கைக்கோள் இருந்தும் பெரிய விலங்கு ஒன்று கண்ணில் படாமல் இருக்க முடியுமா?

முடியும். வியட்நாமுக்கும் லாவோசுக்கும் இடையே உள்ள அன்னமைட் மலைகளில் வாழும் சாவோலாவை அறிவியலாளர்கள் 1992 இல்தான் அறிந்தார்கள். அதுவும் காட்டில் பார்க்கவில்லை. வேட்டைக்காரர்களின் வீடுகளில் இருந்த நீண்ட, நேரான இரட்டைக் கொம்புகளைப் பார்த்து அறிந்தார்கள். ‘சாவோலா’ என்பதற்கு ராட்டையின் கால்கள் என்று பொருள். கொம்பைப் பார்த்தவருக்கு விளங்கும். மாட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது, மானைப் போன்ற உருவம். கடைசியாகக் கேமராவில் பதிவானது 2013 இல்.

அதைக் குறிவைத்து யாரும் கண்ணி வைப்பதில்லை. காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் வைக்கும் கம்பிச் சுருக்கு, மிதிப்பது எதுவானாலும் இறுக்கும். வியட்நாமின் சாவோலா காப்பகங்களிலிருந்து காவலர்கள் அகற்றிய சுருக்குகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

அழிந்ததாகச் சொன்ன விலங்கு திரும்பக் கிடைத்ததுண்டா?

உண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹோவ் தீவில் ஒரு சாண் நீளக் குச்சிப்பூச்சி இருந்தது. கறுப்பாக, தடித்த கால்களோடு, இறக்கையின்றி இருக்கும். மீனவர்கள் தூண்டிலுக்கு இரையாகப் பயன்படுத்தும் அளவுக்கு மலிந்திருந்தது. 1918 இல் ‘மகாம்போ’ என்ற கப்பல் தரைதட்டியது. அதிலிருந்து இறங்கிய எலிகள் சில ஆண்டுகளில் அதைத் துடைத்தெடுத்துவிட்டன.

தீவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடலிலிருந்து கத்தி போல் எழும் பால்ஸ் பிரமிட் என்ற மொட்டைப் பாறை, 562 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 2001 இல் ஆய்வாளர்கள் அதில் ஏறிப் பகலில் புதிய எச்சத்தைக் கண்டார்கள். இரவில் டார்ச்சோடு மீண்டும் ஏறினார்கள். பாறை இடுக்கில் வளர்ந்த ஒற்றைப் புதரில் அந்தப் பூச்சிகள் இருந்தன. பின்னர் எண்ணியபோது 24. எண்பது ஆண்டுகளாக ஓர் இனத்தின் உலகம் முழுவதும் அந்தப் புதர்தான்!

2003 இல் இரண்டு இணைகளை மட்டும் எடுத்துவந்தார்கள். மெல்போர்ன் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போன இணைக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர். ஏவாள் நோயுற்று வாடியபோது, கால்சியமும் தேன்நீரும் குழைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பிழைக்க வைத்தார் பராமரிப்பாளர் ஒருவர். ஒரு பூச்சிக்கு! அவள் இட்ட முட்டைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. லார்ட் ஹோவ் தீவில் எலி ஒழிப்பு 2019 இல் நடந்தது.

செல்லமாக வளர்க்கும் காணொளிகளைப் பார்ப்பதும் பகிர்வதும் தவறா?

பெரும்பாலும் கெடுதல்தான். தென்கிழக்கு ஆசியாவின் மெதுதேவாங்கைக் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரு கைகளையும் தூக்கிக் கொள்ளும் காணொளி 2009 இல் உலகெங்கும் பரவியது. மகிழ்ச்சியில் கை தூக்குகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். அதன் மேற்கையில் நச்சுச் சுரப்பி இருக்கிறது. அஞ்சும்போது கையைத் தூக்கி, அந்தச் சுரப்பை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்க ஆயத்தமாவது அதன் தற்காப்பு. பாலூட்டிகளில் நச்சுக்கடி கடிப்பவை மிகச் சிலவே. சந்தைக்குப் பிடித்து வருபவர்கள் அதற்காகவே அதன் பற்களை நறுக்கி விடுகிறார்கள். நாடுகளுக்கிடையே அதை வணிகம் செய்ய 2007 முதல் தடை இருந்தும் ஒளித்து விற்பனை நடக்கிறது.

நம் ஊர்த் தேவாங்கு அதன் நெருங்கிய உறவு, அதற்கு நச்சு கிடையாது. ‘தேவாங்கு மாதிரி முழிக்கிறான்’ என்று ஏசுவதற்கே அந்தப் பெயரை நாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, அந்த ஏச்சுச்சொல்லுக்கு ஒரு மரியாதை கிடைத்ததாக உணர்ந்தேன்.

நம் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

கேரளத்தில் பாதாளத் தவளை என்று அழைக்கப்படும் ஊதா நிறத் தவளை. உப்பிய உடல், சிறிய தலை, பன்றி மூக்கு. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் இருந்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வருவதால் மாவேலித் தவளை என்றும் சொல்வார்கள். எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயும் 2003 இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். மலைவாழ் மக்கள் அதன் தலைப்பிரட்டைகளை முன்பே நன்கு அறிவார்கள். அதன் மிக நெருங்கிய உறவுகள் கடலுக்கு அப்பால் செஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் செஷெல்சும் ஒட்டியிருந்த காலத்தின் சாட்சி அது. திருவில்லிபுத்தூர்ப் பகுதி மலையிலிருந்து இன்னோர் இனம் 2017 இல் விவரிக்கப்பட்டது. கோவையில் பணியாற்றி மறைந்த ஊர்வனவியலாளர் பூபதியின் பெயர் அதற்கு.

பாக் நீரிணையில் கடற்பசு இருக்கிறது. இராமநாதபுரத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடல்தாழைப் புல்வெளிகளில் மேய்வது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் 2022 இல் கடற்பசுக் காப்பகமானது. வலையில் சிக்கியதை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டுகிறது. ஆவுளியாவின் வடதிசை உறவான ஸ்டெல்லர் கடற்பசு எட்டு மீட்டர் நீளம் வளர்ந்தது. 1741 இல் அறிவியலாளர் கண்ணில் பட்டது, 1768க்குள் கடலோடிகள் அதைத் தின்றே தீர்த்துவிட்டார்கள். 27 ஆண்டுகள்தான்.

நான் நகரத்தில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

காட்டுவிலங்கைச் செல்லமாகக் காட்டும் காணொளிகளைப் பகிராதீர்கள். அழுங்கின் (எறும்புதின்னியின்) செதில், தேவாங்கின் கண், நட்சத்திர ஆமை என்று யாராவது மருந்தாகவோ யோகமாகவோ விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழுங்கின் செதில் நம் நகத்தின் அதே பொருளால் ஆனது, அதில் மருந்து எதுவும் இல்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் விலங்குகளின் வட்டாரப் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். குழந்தைகளுக்குச் சொல்லும்போது ‘பாவம், அழிகிறது’ என்று தொடங்காதீர்கள். அய்-அய் மரத்தைத் தட்டுவதைச் செய்து காட்டுங்கள். மேசையைத் தட்டிக் கேட்க அவர்களே ஓடி வருவார்கள்.

வாழ்நாளில் நேரில் பார்க்கவே போவதில்லை. அப்படிப்பட்ட விலங்கின் மீது பற்று வருமா?

இந்தோனேசியாவின் பாப்புவாவில், சைக்ளோப்ஸ் மலையடியில் யோங்சு சபாரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே இரு தரப்புக்குப் பகை மூண்டால், ஒரு தரப்பைக் காட்டுக்குள் எக்கிட்னா தேடவும், மறு தரப்பைக் கடலில் மார்லின் மீன் தேடவும் அனுப்பும் வழக்கம் உண்டு. இரண்டும் எளிதில் கிடைக்காதவை. தேடலிலேயே ஆண்டுகள் பல ஓடிவிடும், சில சமயம் ஒரு தலைமுறையே கடந்துவிடும். இரண்டும் கிடைத்த அன்று பகை முடிந்தது.

அந்த எக்கிட்னா முட்டையிடும் பாலூட்டி. உடலில் முள், முகத்தில் நீண்ட குழல் மூக்கு. முட்டையிடும் பாலூட்டிகள் உலகில் இன்று ஐந்தே இனங்கள். இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயர் சூட்டப்பட்ட இந்த இனத்துக்கு அறிவியலிடம் இருந்த ஒரே சான்று 1961 இல் கிடைத்த ஓர் உடல், நெதர்லாந்து அருங்காட்சியகத்தில். 2023 இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மலையில் எண்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்தார்கள். வாரக்கணக்கில் எதுவும் படவில்லை. பயணத்தின் கடைசி நாளில், கடைசி மெமரி கார்டில், ஈரத் தழைகளுக்கு இடையே மூக்கை நீட்டியபடி அது நடந்து போவது பதிவாகியிருந்தது.